யார் நடந்த வரைபடம்? பாகூர்ப் பக்கத்திலிருந்து மொபைல் ஆட்டங்களின் வரலாறு

2016 ஜூலை 6 அன்று அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில், நடந்துபோய்த் திரை உயிரினங்களைப் பிடிக்கும் மொபைல் ஆட்டமான போக்கிமான் கோ வெளியானது. அது சில மாதத்து மோகம் என்றுதான் பலரும் எழுதினார்கள். அதற்கு ஆதாரமும் சீக்கிரமே கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 18 முதல் 35 வயது வரையிலான ஐபோன்காரர்களின் நடையை அளந்து பார்த்ததில், ஆட்டத்தைத் தொடங்கிய முதல் வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 955 அடிகள் கூடுதலாக நடந்திருந்தார்கள். வாரம் செல்லச் செல்ல அது குறைந்து, ஆறாவது வாரத்தில் பழைய நிலைக்கே வந்துவிட்டது. ஆனால் 2025 மார்ச்சில், ஆட்டத்தை உருவாக்கிய நயான்டிக் நிறுவனம் தன் ஆட்டப் பிரிவை ஸ்கோப்லி நிறுவனத்துக்கு 350 கோடி டாலருக்கு விற்பதாக அறிவித்தது. முந்தைய ஓராண்டில் மட்டும் 10 கோடிக்கும் மேற்பட்டோர் அதை ஆடியிருந்தார்கள் என்று அப்போது கணக்குச் சொன்னது. ஆறு வாரத்தில் அடங்கிய கால்கள் ஒன்பதாவது ஆண்டிலும் எப்படி நடந்தன? இதற்கான விடையை ஆடுபவரின் மனத்தில் தேடுவதுதான் வழக்கம். சேர்க்கும் ஆசை, போட்டி, சிறுவயது நினைவு, பொழுதுபோக்கு என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவை பொய்யில்லை. ஆனால் காரணத்தின் பாதி தரையில் கிடக்கிறது. எந்த இடத்துக்குப் போகச் சொல்கிறது ஆட்டம், அந்த இடத்தைக் குறித்தவர் யார், அங்கே வேறு யாரெல்லாம் வருவார்கள் என்பதில்தான் தொடர்ந்து ஆடுவதும் விட்டுவிடுவதும் தீர்மானமாகின்றன. பெருநகரத்தில் இடங்கள் மலிந்து கிடப்பதால் இது கண்ணில் படுவதில்லை. புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் சேலியமேடு போன்ற ஓர் ஊரிலிருந்து பார்த்தால் உடனே தெரிந்துவிடுகிறது.

இடத்தை வைத்து ஆடும் மின்னணு ஆட்டத்துக்குப் பிறந்த நாள் சொல்ல முடியும். ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழை 2000 மே 2 அன்று நீக்கப்பட்டது. பொதுமக்கள் கையிலிருந்த கருவியும் சில மீட்டர் துல்லியத்தில் இடத்தைக் காட்டத் தொடங்கியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களைப் போட்டுக் காட்டோரம் ஒளித்துவைத்து, அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். தேடிப் போனவர்கள் கண்டெடுத்தார்கள். ஜியோகேச்சிங் என்ற பழக்கம் அப்படித்தான் தொடங்கியது. இன்றைக்கும் அது உயிரோடு இருக்கிறது. திரையில் ஓடும் உயிரினமோ கேமரா வித்தையோ அதற்குத் தேவைப்படவில்லை. அடுத்த ஆண்டே சுவீடனில் பாட்ஃபைட்டர்ஸ் என்ற ஆட்டம் வந்தது. 2003 வாக்கில் ஜப்பானில் மோகி என்ற ஆட்டம் வந்தது. அதில் டோக்கியோ வரைபடத்தில் சிதறிக் கிடக்கும் பொருள்களைச் சேர்த்து, இல்லாததைப் பிறரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும். சேகரிப்பது, நடப்பது, மாற்றிக்கொள்வது ஆகிய மூன்றும் போக்கிமானுக்குப் பத்தாண்டு முன்பே ஒன்றுசேர்ந்துவிட்டன. அதனால் மிகை மெய்ம்மை என்று நாம் பெயர் சொல்லி வியக்கிற தொழில்நுட்பம் இந்தக் குடும்பத்தில் கடைசியாக வந்து சேர்ந்த உறுப்பினர். போக்கிமான் கோ ஆட்டத்திலேயே கேமரா வழியே உயிரினத்தைப் புல்தரையில் நிறுத்திக் காட்டும் வசதியை அணைத்துவிட்டு ஆடலாம். பேட்டரி மிச்சம், குறி வைப்பதும் எளிது என்று ஊன்றி ஆடுபவர்கள் அதை அணைத்தே வைக்கிறார்கள்.

2012 நவம்பரில் நயான்டிக் இன்கிரெஸ் என்ற ஆட்டத்தை வெளியிட்டது. இந்த வரலாற்றின் திருப்பம் இதுதான். அதில் 'போர்ட்டல்' என்ற மையங்கள் வேண்டும். சிலை, கோயில், நினைவுக்கல், சுவரோவியம், நூலகம் என்று ஊரில் நிலையாக நிற்கும் ஏதாவது ஒன்றில் அது அமையும். இத்தனை இடங்களை எந்த நிறுவனமும் தானே போய்ப் பார்த்துக் குறிக்க முடியாது. ஆடுபவர்களையே படம் பிடித்து அனுப்பச் சொன்னார்கள். லட்சக்கணக்கில் குவிந்தன. 2015-இல் அந்த வாசல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு போக்கிமான் கோ வந்தபோது, இன்கிரெஸ் மையங்களிலிருந்தே அதன் போக்கிஸ்டாப் எனும் நிறுத்தங்களும் ஜிம் எனும் மோதல் களங்களும் எடுக்கப்பட்டன. 2012-க்கும் 2015-க்கும் இடையில் யாரிடம் விலையுயர்ந்த ஸ்மார்ட்போனும் தடையற்ற இணையமும் ஓய்வான மாலைப்பொழுதும் இருந்தனவோ, அவர்கள் நடந்த தெருக்கள்தான் உலகமே ஆடப்போகும் ஆட்டத்தின் களமாகிவிட்டன. அமெரிக்காவிலேயே வெள்ளையர் மிகுந்த பகுதிகளில் மையங்கள் அடர்த்தியாகவும் கறுப்பர் மிகுந்த பகுதிகளில் அரிதாகவும் இருந்ததை அர்பன் இன்ஸ்டிடியூட் 2016-இலேயே சுட்டிக்காட்டியது. இந்தியாவில் அந்தக் கோடு பெரும்பாலும் நகரத்துக்கும் கிராமத்துக்கும் நடுவே விழுந்தது. சென்னை மெரினாவிலும் புதுச்சேரி கடற்கரைச் சாலையிலும் இருக்கிற ஒவ்வொரு சிலையும் ஒரு நிறுத்தமாகத் தகுதி பெறும். வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஊருக்கு அந்த மூன்றாண்டுகளில் படம் எடுக்க வந்தவர் மிகக் குறைவு.

பாகூர்ப் பக்கத்தில் குறிக்கத் தக்க இடம் இல்லாததால் அல்ல இது. 9-ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் பாகூர்ச் செப்பேடு, இங்கிருந்த ஒரு கல்விச் சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பதிவு செய்கிறது. மூலநாதர் கோயிலில் கன்னரதேவன் என்று தமிழ்க் கல்வெட்டுகள் அழைக்கும் ராஷ்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணனின் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. பாகூர் ஏரி புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி. 1752-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய போர்க்களமும் பாகூர்தான். பல்லவர் காலச் செப்பேடுகளில் வரும் ஒரு வழக்கம் இங்கே மிகப் பொருத்தமாகத் தோன்றுகிறது. அரசனின் ஆணை வந்ததும் நாட்டார் அதைத் தலைமேல் வைத்து, கொடை நிலத்தின் எல்லையை நடந்தே சுற்றிவந்து, கல்லும் கள்ளியும் நட்டுக் குறிப்பார்கள். அதன் பிறகுதான் ஏடு எழுதப்படும். அந்த மண்ணில் வாழ்கிறவர்களின் நடைதான் வரைபடம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின் இன்கிரெஸ்ஸும் அதே முறையைத்தான் கைக்கொண்டது. நடந்தவர்கள் மட்டும் வேறு.

சேலியமேட்டை எடுத்துக்கொள்வோம். கவிஞர் வாணிதாசன் வாழ்ந்த ஊர். அவர் பெயரைத் தாங்கிய அரசுப் பள்ளி அங்கே இருக்கிறது. ஊருக்கு வெளியே உள்ளவர்களும் அறிந்த அடையாளம் எது என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான எந்தப் பள்ளி வளாகத்தையும் நயான்டிக் விதிகள் ஏற்பதில்லை. பிள்ளைகளின் பாதுகாப்பைக் கருதிய விதி, அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் பல கிராமங்களில் நூலகமும் கூட்ட அரங்கும் விளையாட்டுத் திடலும் மேடையும் பள்ளிக்கூடத்துக்குள்தான் இருக்கும் என்பதை அந்த விதியை எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். நகரத்தில் பள்ளியை நீக்கினால் அது சிறிய இழப்பு. கிராமத்தில் அது பெரிய இழப்பு. போக்கிமான் கோ ஆடுபவர்களே புதிய இடத்தை முன்மொழியும் வழி 2019-இல்தான் பரவலாகத் திறந்தது. அதுவும் முதலில் 40-ஆம் நிலையை எட்டியவர்களுக்கு மட்டும். அந்த நிலையை எட்ட வேண்டுமானால் ஆயிரக்கணக்கில் உயிரினங்களைப் பிடிக்க வேண்டும். பிடிக்க எறியும் பந்து வேண்டும். பந்து பெரும்பாலும் நிறுத்தத்தில்தான் கிடைக்கும். நிறுத்தமே இல்லாத ஊர்க்காரர் நிறுத்தம் கேட்கும் தகுதியை எப்படிப் பெறுவார்? கிராமத்துப் பையன் ஒருவன் இரண்டு வாரத்தில் ஆட்டத்தை விட்டுவிட்டான் என்றால், ஆய்வாளர் அதை ஆர்வக் குறைவு என்று எழுதிக்கொள்வார். அவன் விட்டதற்குக் காரணம் சலிப்பு என்று நான் நம்பவில்லை. போவதற்கு இடம் தரப்படவில்லை.

இந்திய வெளியீட்டின் கதையும் இதையே சொல்கிறது. 2016 ஜூலையிலேயே ஏ.பி.கே. கோப்பை எங்கிருந்தோ இறக்கி ஆடத் தொடங்கிவிட்டார்கள் நம் இளைஞர்கள். ஆனால் முறைப்படி ஆட்டம் வந்தது அந்த ஆண்டு டிசம்பர் நடுவில், ரிலையன்ஸ் ஜியோவுடன் கைகோத்து. செப்டம்பர் 5 முதல் ஜியோ இலவச இணையம் தந்துகொண்டிருந்த காலம் அது. கிராமத்து மொபைலில் மணிக்கணக்கில் இணையம் ஓடுவது அப்போதுதான் சாத்தியமானது. கூடவே ஆயிரக்கணக்கான ரிலையன்ஸ் கடைகளும் அதன் கூட்டாளிகளின் இடங்களும் நிறுத்தங்களாகவும் ஜிம்களாகவும் வரைபடத்தில் ஏறின. ஆடுபவர் நடந்து குறித்த இடங்களுக்கு மேல், பணம் கொடுத்தவர் குறித்த இடங்களின் அடுக்கு ஒன்று வந்து படிந்தது. சிம் விற்கும் கடை முன்னால் நின்று பந்து வாங்குவதில் முதல் நாள் வேடிக்கை இருக்கும். ஆனால் அதே வாசலுக்குத் தினமும் போக ஒருவருக்கு என்ன காரணம் இருக்க முடியும்?

மீண்டும் மீண்டும் போகக் காரணம் தேவை என்பதை நயான்டிக்கும் மெல்லத்தான் கற்றுக்கொண்டது. முதல் ஆண்டில் ஆட்டம் தனியாள் வேலையாகவே இருந்தது. 2017 ஜூனில் ரெய்டு வந்தது: குறிப்பிட்ட ஜிம்மில் குறிப்பிட்ட நேரத்துக்குள் பலர் கூடினால்தான் பெரிய உயிரினத்தை வீழ்த்த முடியும். 2018 ஜனவரியில் மாதம் ஒரு நாள், சில மணிநேரம் மட்டும் நடக்கும் கம்யூனிட்டி டே வந்தது. அந்த ஆண்டு ஜூனில் நண்பர் பட்டியலும் மாற்றிக்கொள்ளும் வசதியும் வந்தன. அப்போது மாற்றிக்கொள்ள இருவரும் அருகருகே நிற்க வேண்டியிருந்தது. இடம், நாள், உடன் நிற்க இன்னொரு ஆள். இந்த மூன்றும் சேர்ந்த பிறகுதான் ஆறு வாரத்து மோகம் பல ஆண்டுப் பழக்கமாயிற்று. இதை மறுப்பவர்கள் போக்கிமான் என்ற பெயரின் வலிமையை எடுத்துக்காட்டுவார்கள். தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த தலைமுறை வளர்ந்த பின்னும் அதைத் தேடுகிறது என்பார்கள். ஆடத் தொடங்குவதற்கு அது காரணம்தான். தொடர்வதற்கும் அது ஒன்றே போதும் என்றால், அதே நயான்டிக், அதே இடக் குறிப்புகளின் மேல் 2019-இல் நிறுத்திய ஹாரி பாட்டர்: விசார்ட்ஸ் யுனைட் ஏன் 2022 ஜனவரி 31 அன்று மூடப்பட்டது? ஹாரி பாட்டரின் நினைவு போக்கிமானுக்கு இளைத்ததா? அந்த ஆட்டத்தில் கண்டெடுத்தவை பதிவேட்டில் ஒட்டிய படங்களாக உறைந்துவிட்டன. அவற்றை வைத்து வளர்க்கவோ மாற்றிக்கொள்ளவோ வழியில்லை, ஆகவே இன்னொருவரைத் தேடிப் போகும் தேவையும் குறைந்தது. மைக்ரோசாஃப்டின் மைன்கிராஃப்ட் எர்த், கேமரா வித்தையில் இவை இரண்டையும் விட ஒரு படி மேல். மேசை மேல் கட்டடம் எழுப்பலாம், அதற்குள் நுழைந்தும் பார்க்கலாம். 2019 கடைசியில் வந்து 2021 ஜூன் 30 அன்று போய்விட்டது. கொரோனா இரண்டையும் அடித்தது உண்மை. ஆனால் போக்கிமான் கோவையும் அதே கொரோனாதான் அடித்தது.

இடமும் நாளும் சேர்ந்தால் பழக்கம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு இந்தப் பகுதிக்கு வெளியே போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. தை 5 அன்று பாகூரை அடுத்த சோரியாங்குப்பத்தில் தென்பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா. சுற்றுவட்டாரச் சாமிகள் அலங்காரத்தோடு ஆற்றுக்கு வந்து தீர்த்தவாரி கொள்வார்கள். மணலில் கடைகள் முளைக்கும், சுருளிக்கிழங்கும் கரும்பும் விற்கும், பிள்ளைகள் ராட்டினம் ஏறுவார்கள். மாசி மகத்தில் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் வருவார்கள். வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரைப் பிரெஞ்சு ஆட்சியில் கவர்னர் வடம் பிடித்துத் தொடங்கிவைத்தார். 1954-இல் ஆட்சி கைமாறிய பிறகு இந்தியத் தரப்பு ஆட்சியாளர் அந்த வடத்தைப் பிடித்தார். இன்றைக்கு அது துணைநிலை ஆளுநரின் மரபு. அரசு மாறியும் தேர் ஓடும் வீதி மாறவில்லை. நடத்துபவர் யார் என்பதைவிட எங்கே, எந்நாளில் என்பது ஒரு வழக்கத்தை உறுதியாகத் தாங்குகிறது என்று இதிலிருந்து சொல்ல முடியும். விசார்ட்ஸ் யுனைட்டின் சர்வர் நின்ற நாளில் அதன் வழக்கமும் முழுதாக நின்றது, ஏனென்றால் அதற்கென்று சொந்தமாக ஒரு வீதியும் இருக்கவில்லை.

சாமி புறப்பாட்டையும் மொபைல் ஆட்டத்தையும் ஒரே தட்டில் வைப்பது தகாது என்று சிலருக்குத் தோன்றலாம். அந்த மன வருத்தம் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. கோயில்களில் ஆட்டத்தின் முட்டைகள் தோன்றுவது நம்பிக்கையைப் புண்படுத்துகிறது என்று 2016-இல் குஜராத் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடுக்கப்பட்டது. ஒரு புனித இடத்தைக் கேட்காமலே எவரோ தம் ஆட்டத்துக்குக் களமாக்கிக்கொள்வது சரியில்லை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. பக்தியும் ஆட்டமும் ஒன்று என்பது என் வாதம் இல்லை. கோயிலைத் தேடி ஆட்டம் ஏன் வருகிறது என்பதே நான் கேட்பது. மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்ப வரும் இடங்களைப் பட்டியலிட்டால் அதில் பாதி கோயிலும் குளமுமாகத்தான் இருக்கும். ஆட்டம் அந்தப் பழக்கத்தின் வலுவைக் கடன் வாங்குகிறது. கடன் வாங்குகிறவர் இடத்துக்கு உரியவரிடம் கேட்க வேண்டும் என்பதே அந்த வழக்கின் சாரம், அதை நான் ஏற்கிறேன்.

இன்னொரு எதிர்வாதம் ஆய்விலிருந்தே வருகிறது. யூஹோ ஹமாரியும் கூட்டாளிகளும் போக்கிமான் கோ பற்றி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், மீண்டும் ஆட வேண்டும் என்ற எண்ணத்தோடு மகிழ்ச்சி, வெளியே செல்லுதல், எளிமை, சவால், பழைய நினைவு ஆகியவை தொடர்புற்றிருந்தன. பிறரோடு பழகும் விருப்பம் பணம் செலவிடும் எண்ணத்தோடு தொடர்புற்றது, மீண்டும் ஆடுவதோடு இல்லை. அப்படியென்றால் உடன் நிற்கும் ஆள் முக்கியம் என்ற என் பேச்சு என்னாவது? இந்த முடிவை நான் தள்ளிவிடவில்லை. வெளியே செல்லுதல் அந்தப் பட்டியலில் இருப்பதே என் வாதத்துக்குப் பெரிய துணை. மற்றது கேள்வி கேட்கும் முறையைச் சார்ந்தது. ஆற்றுத் திருவிழாவுக்கு வந்தவரிடம் ஏன் வந்தீர்கள் என்றால் சாமி பார்க்க என்பார், ஆற்றில் முழுக்குப் போட என்பார். கூட்டத்தைப் பார்க்க வந்தேன் என்று எவரும் சொல்லமாட்டார். ஆனால் கூட்டமில்லாத ஆற்றுக்கு அடுத்த ஆண்டு எத்தனை பேர் வருவார்கள்? கருத்துக் கணிப்பு மனத்தில் மேலாக நிற்கும் காரணத்தை அளக்கிறது. அடியில் தாங்கி நிற்பது விடையாக வாயில் வருவதில்லை. ரெய்டுக்கு ஆள் சேராத சிற்றூரில் சவாலும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. அந்தச் சொற்களுக்குள்ளேயே ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடக் கடினமான எதிர்வாதம் கொரோனாக் காலத்தில் எழுந்தது. 2020 ஏப்ரலில் வீட்டிலிருந்தே ரெய்டில் சேரும் ரிமோட் பாஸ் வந்தது, பெரும் வரவேற்பைப் பெற்றது. 2023 ஏப்ரலில் நயான்டிக் அதன் விலையை 100 ஆட்டக் காசிலிருந்து 195 ஆக்கி, நாளுக்கு ஐந்துதான் என்று வரம்பும் போட்டபோது உலகெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. இடம்தான் உயிர் என்றால் வீட்டிலிருந்து ஆடும் உரிமைக்கு ஏன் இத்தனை போராட்டம்? எதிர்த்தவர்கள் முன்வைத்த காரணங்களைப் படித்தால் விளங்கும். உடல் ஊனமுற்றோர், அருகில் ஜிம் இல்லாத சிற்றூர்க்காரர், உடன் ஆட ஊரில் ஆளில்லாதவர் ஆகியோரின் குரல் அதில் ஓங்கி ஒலித்தது. அவர்களுக்கு இடம் வேண்டாமென்றில்லை, இடம் மறுக்கப்பட்டிருந்தது. அதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால், 2021 ஆகஸ்டில், நிறுத்தத்தைத் தொடும் தொலைவை அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் 80 மீட்டரிலிருந்து பழைய 40-க்குக் குறைத்தபோது வந்த எதிர்ப்பும் இப்படித்தான். சாலையைக் கடக்காமல் தொட முடிகிறது, சக்கர நாற்காலியில் இருந்து தொட முடிகிறது என்பதே முறையீடு. அந்த மாதமே 80 மீட்டர் நிரந்தரமாக்கப்பட்டது.

இங்கே என் வாதத்துக்கும் ஒரு எல்லை உண்டு. இடத்துக்குப் போனால்தான் ஆட்டம் என்றால், போக அனுமதி உள்ளவருக்குத்தான் ஆட்டம். பாகூர்ப் பக்கத்து ஊர்களில் இருட்டிய பிறகு ஏரிக்கரையில் மொபைலோடு நிற்கிற பையனை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அதே வயதுப் பெண் நின்றால் அடுத்த தெரு வரைக்கும் பேச்சாகிவிடும். திருவிழா நாளில் மட்டும் அவளுக்கும் அந்த மணலில் நிற்க உரிமை கிடைக்கிறது, ஏனென்றால் அன்று ஊரே அங்கே நிற்கிறது. நாள் குறித்துக் கூடும் வழக்கத்தின் வலிமையில் இதுவும் ஒரு பங்கு. மாதத்தில் ஒரு பகல்பொழுது மட்டும் நடக்கும் கம்யூனிட்டி டே தற்செயலாக இந்த வாசலைக் கொஞ்சம் திறந்துவைத்தது என்று சொல்லலாம். அந்த நாளுக்கு ஊருக்குள்ளேயே இடங்கள் இருந்தால்தான் அது முழுதாகத் திறக்கும். பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போனால்தான் முடியும் என்றால் மூடிய வாசல் மூடியதுதான்.

அடுத்த வரைபடம் இப்போதே வரையப்படுகிறது. விற்பனையில் போக்கிமான் கோ ஸ்கோப்லிக்குப் போனது. இடத்தைப் படித்தறியும் தொழில்நுட்பத்தை நயான்டிக் ஸ்பேஷியல் என்ற தனி நிறுவனம் வைத்துக்கொண்டது, இன்கிரெஸ்ஸும் அதனிடமே தங்கியது. ஆடுபவர்கள் மொபைலால் சுற்றிச் சுற்றி எடுத்து அனுப்பிய காட்சிகளைக் கொண்டு, உலகில் ஒரு கோடி இடங்களை அலகிட்டிருப்பதாகவும் அவற்றிலிருந்து ஒரு பெரிய புவியிட மாதிரியைப் பயிற்றுவிப்பதாகவும் 2024 நவம்பரில் நயான்டிக் அறிவித்தது. கார் போக முடியாத, கால் மட்டுமே போகும் இடங்களின் காட்சி அதில் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னது. நாளைய கண்ணாடிகளும் ரோபோக்களும் வழியறிய இது பயன்படலாம் என்கிறார்கள். அந்த ஒரு கோடி இடங்களும் ஆடுபவர் நின்ற இடங்கள். ஆடுபவர் நின்றது நிறுத்தங்களின் அருகில். நிறுத்தங்கள் முதலில் அமைந்ததோ 2012-இலிருந்து 2015 வரை சிலர் நடந்த தெருக்களில். முன்மொழியும் வாசல் இப்போது முன்னைவிடக் கீழ்நிலையில் இருப்பவர்களுக்கும் திறந்திருக்கிறது. கோயிலையும் குளத்தையும் ஊர்ப் பொது நூலகத்தையும் படமெடுத்து, தமிழில் பெயரெழுதி அனுப்பினால் பரிசீலிப்பார்கள். பாகூர் கொம்யூனின் ஊர்களிலிருந்து அதை அனுப்ப வேண்டியவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான்.